இருபது ஆண்டு அவகாசம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதால் ஹியூமன் பாப்பிலோமா வைரசுக்கு ஒரு லாபமும் இல்லை. உண்மையில் நட்டம்தான். புற்றாக மாறிவிட்ட செல்லுக்குள் அந்த வைரசால் புதிய வைரஸ்களை உருவாக்க முடிவதில்லை. அங்கிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் வழியில்லை. அதன் வம்சம் அந்தச் செல்லோடு முடிந்துபோகிறது. விலங்குகளின் தோலில் பல கோடி ஆண்டுகளாக ஓசைப்படாமல் பிழைத்துவந்த வைரஸ் குடும்பம் ஒன்று எப்போதாவது தடம்புரள்கிறது. அதற்கான விலையை ஒரு பெண் கொடுக்கிறாள். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு இந்தியாவில் சுமார் 1,27,000 பேர் புதிதாக நோய்க்கு ஆளானார்கள். 80,000 பேர் வரை உயிரிழந்தார்கள்.

இந்த எண்களோடு சேர்த்து மனதில் வைக்க வேண்டிய இன்னொரு எண் உண்டு. வைரஸ் தொற்றிய நாளிலிருந்து புற்றுநோய் வெளிப்படும் நாள் வரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நீண்ட முன்னறிவிப்போடு வரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த இருபது ஆண்டுகளில் செல்லுக்குள் என்ன நடக்கிறது, ஏன் அவ்வளவு காலம் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால், இந்த நோயில் ஒரு பெண் இறப்பது ஏன் தவிர்க்கக்கூடியது என்பதும் விளங்கிவிடும்.

தோலே அதன் ஊர்

எச்பிவி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வைரஸ் மிகச் சிறியது. விட்டம் சுமார் 55 நானோமீட்டர். அதன் மரபுத் தகவல் முழுவதும் சுமார் 8,000 எழுத்துகள் நீளமுள்ள, வட்டமான ஒரு டி.என்.ஏ.வில் அடங்கிவிடுகிறது. மனித மரபணுத் தொகுப்போ 300 கோடி எழுத்துகள் கொண்டது. இதுவரை 200க்கும் மேற்பட்ட எச்பிவி வகைகள் அடையாளம் காணப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. கை கால்களில் மருவை உண்டாக்குபவை சில. பிறப்புறுப்பில் மரு வரக் காரணமான 6, 11 ஆகிய வகைகள் புற்றுநோய் வரை செல்வது அரிது. புற்றுநோயை உண்டாக்குபவை என உறுதிசெய்யப்பட்டவை சுமார் பன்னிரண்டு. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குப் பொறுப்பு.

இந்த வைரஸ் ரத்தத்தில் கலந்து உடலைச் சுற்றுவதில்லை. உடலுறவிலோ நெருங்கிய தோல் தொடர்பிலோ உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் வழியாக மேல்தோலின் அடித்தட்டை அடைகிறது. பிரிந்து பெருகும் திறனுள்ள செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை பிரியப் பிரிய, ஒரு பகுதிச் செல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, தட்டையாகி, சில வாரங்களில் உதிர்ந்துபோகும். வைரஸ் இந்தப் பயணத்தோடு சேர்ந்துகொள்கிறது. அடித்தட்டில் ஒரு செல்லுக்கு நூறு பிரதிகளுக்கு மேல் போகாமல் அடங்கிக் கிடக்கிறது. செல் மேல்தட்டை நெருங்கியதும் ஆயிரக்கணக்கில் பெருகி, புரத உறை கட்டிக்கொண்டு, உதிரும் தோலோடு வெளியேறுகிறது. அந்தச் செல் எப்படியும் சாகவிருந்தது. வைரஸ் அதைக் கொல்ல வேண்டியதில்லை. அதனால் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும்படியாக எதுவும் நடப்பதில்லை. தொற்றியது தொற்றியவருக்கே தெரிவதில்லை.

இந்த வாழ்க்கையில் வைரசுக்கு ஒரு சிக்கல் உண்டு. டி.என்.ஏ.வை நகலெடுப்பதற்கான முழுமையான நொதித் தொகுதி அதனிடம் இல்லை. தங்கியிருக்கும் செல்லின் நொதிகளைத்தான் கடன் வாங்க வேண்டும். ஆனால் மேல்தட்டுச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. நகலெடுக்கும் நொதிகளை அவை உற்பத்தி செய்வதில்லை. ஓய்வெடுக்கப் போய்விட்ட செல்லை மறுபடியும் வேலைக்கு இழுத்தால்தான் வைரஸ் பெருக முடியும். அதற்காகவே அது இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது: இ7, இ6.

நம் செல்களில் ஆர்பி என்றொரு புரதம் இருக்கிறது. செல் பிரியத் தேவையான மரபணுக்களை இயக்கும் இ2எஃப் என்ற புரதத்தை அது பிடித்து வைத்திருக்கும். வேளை வரும்போதுதான் விடும். வைரசின் இ7 புரதம் ஆர்பியின்மேல் ஒட்டி, அதை அழிவுக்கு அனுப்புகிறது. இ2எஃப் விடுபடுகிறது, செல் மறுபடி நகலெடுக்கும் வேலையில் இறங்குகிறது. இயல்பான செல் இந்தக் கட்டாயத்தைக் கவனித்துவிடும். வேளை கெட்ட வேளையில் பிரியத் தொடங்கும் செல்லில் பி53 என்ற புரதம் பெருகி, அந்தச் செல்லைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் செய்யும். அதைத் தடுப்பது இ6இன் வேலை. செல்லில் பழுதான புரதங்களைக் குறிவைத்து அழிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இ6 அந்த ஏற்பாட்டிலுள்ள ஒரு நொதியைப் பிடித்துவந்து, நல்ல நிலையில் இருக்கும் பி53மீதே ஏவிவிடுகிறது. இ7 ஆர்பியை வீழ்த்துவதும் இ6 பி53ஐ அழிப்பதும் 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன.

புற்றுநோய் ஆய்வாளர்கள் ஆர்பி, பி53 ஆகிய இரு புரதங்களின் பெயர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேறு உறுப்புகளில் வரும் புற்றுநோய்களிலும் பெரும்பாலும் பழுதாகிக் கிடப்பவை இவையே. புகைப்பவரின் நுரையீரலில் பல பத்தாண்டுகளில், ஒன்றன்பின் ஒன்றாக, தற்செயலாக நிகழும் பழுதுகளை எச்பிவி முதல் நாளிலேயே வரிசையாகச் செய்து வைத்துவிடுகிறது. அபாயம் குறைந்த வகைகளின் இ6 புரதத்துக்கு பி53ஐ அழிக்கும் இந்தத் திறன் இல்லை. அவை மருவோடு நின்றுவிடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள், தாமதமாக விழித்துக்கொள்ளும் நோய் எதிர்ப்பாற்றலால், மறைந்துவிடுகின்றன. மறைந்தவை போக எஞ்சுபவற்றில்தான் கதை தொடர்கிறது. புகைபிடித்தல், எச்ஐவி தொற்று, பல பிரசவங்கள் ஆகியவை தொற்று நிலைத்துப்போவதற்கோ முற்றுவதற்கோ துணைபோகின்றன. எச்ஐவியோடு வாழும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அவர்களிடம் அந்த இருபது ஆண்டு அவகாசமும் ஐந்து, பத்து ஆண்டுகளாகச் சுருங்கிவிடக்கூடும்.

இரண்டு தோல்கள் சந்திக்கும் இடம்

வாய், தொண்டை, ஆண்குறி, மலவாய் என எச்பிவி தொற்றும் இடங்கள் பல. அங்கெல்லாமும் அது புற்றுநோய்க்குக் காரணமாகிறது. ஆனாலும் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் நிகழ்வதோடு ஒப்பிட்டால் அவை குறைவு. ஏன் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் இவ்வளவு?

கர்ப்பப்பை வாயின் வெளிப்புறம் பல அடுக்குகள் கொண்ட உறுதியான தோலால் மூடப்பட்டது. உட்புறக் குழாயின் சுவரோ கோழையைச் சுரக்கும் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. இரண்டும் சந்திக்கும் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. பூப்பெய்தும் பருவத்திலும் கர்ப்பக் காலத்திலும் ஹார்மோன்களின் தூண்டுதலால் உட்புறத்து மென்மையான பரப்பு வெளியே பிதுங்குகிறது. பிறப்புறுப்பின் அமிலத்தன்மை படப்பட, அந்த ஒற்றை அடுக்கு மெல்ல மெல்லப் பல அடுக்குத் தோலாக மாறுகிறது. ஓயாமல் உருமாறிக்கொண்டிருக்கும் இந்த வளையப் பகுதியை மருத்துவர்கள் உருமாற்ற மண்டலம் என்கிறார்கள். இங்கே பெருகும் திறனுள்ள செல்கள் ஆழத்தில் ஒளிந்திருப்பதில்லை. மேற்பரப்பிலேயே கைக்கெட்டும் நிலையில் இருக்கின்றன. வைரசின் வழக்கமான அட்டவணையும் இங்கே குழம்புகிறது. மேல்தட்டில் மட்டும் சுரக்க வேண்டிய இ6, இ7 புரதங்கள், இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் செல்களிலேயே சுரக்கத் தொடங்குகின்றன. உதிரப்போகிற செல்லில் அவை சுரந்தால் யாருக்கும் கேடில்லை. பிரிந்துகொண்டே இருக்கும் செல்லில் சுரந்தால் ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்படும். பழுதைக் கவனிக்க பி53 இல்லை. பிழை அடுத்த தலைமுறைச் செல்லுக்குச் சொத்தாகப் போய்ச் சேரும்.

இந்த மாற்றங்களை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்க்கலாம். அடுக்குகளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஒழுங்கு கெட்டிருந்தால் சி.ஐ.என். என்ற அளவுகோலில் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் 2, அதற்கும் மேல் முழுத் தடிமன் வரை கெட்டிருந்தால் 3. முதல் படி பெரும்பாலும் வைரஸ் தன் வழக்கமான வாழ்க்கையை வாழ்வதன் அடையாளம் மட்டுமே; தானாகவே சரியாகிவிடும். மூன்றாம் படியோ புற்றுநோயின் வாசல். அந்தச் செல்கள் அடிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டால் அதுதான் புற்றுநோய்.

வளையல் உடையும்போது

இந்தப் பயணத்தில் தீர்மானமான ஒரு நிகழ்வு உண்டு. வைரசின் டி.என்.ஏ. வழக்கமாகச் செல்லின் குரோமோசோம்களோடு சேராமல் தனி வட்டமாக இருக்கும். வைரசிடம் இ2 என்றொரு புரதமும் இருக்கிறது. இ6, இ7 இரண்டும் அளவு மீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்வது அதன் பணிகளில் ஒன்று. செல் சீக்கிரம் கெட்டுப்போவதில் வைரசுக்கும் விருப்பமில்லை. காலப்போக்கில், பழுதுபட்ட செல் தன் டி.என்.ஏ. முறிவுகளை ஒட்டவைக்கும் வேளையில், வைரசின் டி.என்.ஏ.வும் தவறுதலாகக் குரோமோசோமுக்குள் சிக்கிக்கொள்கிறது. வட்டமான வளையலை நேர்க்கம்பியோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டுமானால் அதை எங்காவது உடைத்தாக வேண்டும். பல புற்றுகளில் அந்த உடைப்பு இ2 மரபணுவின் வழியாகவே விழுந்திருக்கிறது. வேறு இடத்தில் உடைந்த செல்களும் இருக்கலாம்; ஆனால் இ2வை இழந்த செல்லில் இ6, இ7 கட்டற்றுச் சுரப்பதால் அதுவே மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது. நாம் புற்றில் காண்பது அப்படி முந்தியவற்றின் வழித்தோன்றல்களை.

வைரசுக்கு இது பாதையின் முடிவு. குரோமோசோமில் புதைந்துபோன உடைந்த மரபணுத் தொகுப்பால் புதிய வைரஸ்களை உருவாக்க இயலாது. செல்லுக்கோ அது முடிவற்ற பெருக்கத்தின் தொடக்கம். இ6, செல்லின் டெலோமரேஸ் நொதியையும் இயக்கிவிடுகிறது. குரோமோசோம்களின் நுனி தேய்வதால் செல்லுக்கு வரும் முதுமை அதனால் தடைபடுகிறது.

இதற்கான சான்று உலகெங்கும் ஆய்வகங்களில் உயிரோடு இருக்கிறது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் தன் 31ஆம் வயதில் இறந்தார். அவருக்குத் தெரியாமலும் அவர் சம்மதம் இல்லாமலும் எடுக்கப்பட்ட புற்றுச் செல்களே ஹீலா செல்கள். ஆய்வகத்தில் சாகாமல் பெருகிய முதல் மனிதச் செல் வரிசை அது. அவை ஏன் சாகவில்லை என்பதற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஹீலா செல்களின் எட்டாம் குரோமோசோமில், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற மரபணுவுக்கு அருகே, எச்பிவி 18இன் டி.என்.ஏ. உடைந்த நிலையில் பதிந்திருக்கிறது. அந்தச் செல்களின் பி53 மரபணுவில் பழுது எதுவும் இல்லை. உருவாகும் புரதத்தை உடனுக்குடன் இ6 அழித்துக்கொண்டிருக்கிறது. பின்னாளில் ஆய்வாளர்கள் ஹீலா செல்களுக்குள் இ2 புரதத்தைத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். இ6, இ7 அடங்கின. பி53, ஆர்பி ஆகியவற்றின் செயல்பாடு திரும்பியது. பல பத்தாண்டுகளாகப் பெருகிவந்த செல்கள் முதுமையுற்று நின்றுபோயின. தொடங்கி வைத்ததோடு வைரசின் பங்கு முடிந்துவிடவில்லை. கடைசி நாள் வரை அதன் இரு புரதங்களும் இருந்தால்தான் புற்று நிலைக்கும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

வெரோனாவிலிருந்து ஜெர்மனி வரை

இந்த நோய் தொற்றால் வரலாம் என்ற ஐயம் பழையது. இத்தாலியின் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை பதிவான இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த மருத்துவர் டொமெனிகோ ரிகோனி ஸ்டெர்ன் 1842இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களில் திருமணமான பெண்களே மிகுதி. கன்னியாஸ்திரீகளிடம் அது அரிது. தாம்பத்திய உறவுக்கும் நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று தோன்றியது. எதன் வழியாக என்பது அடுத்த நூற்றாண்டு வரை புதிராகவே இருந்தது.

1960களிலும் 70களிலும் ஆய்வாளர்களின் சந்தேகம் ஹெர்ப்பிஸ் வைரஸ்மீது விழுந்தது. ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் புற்றுத் திசுக்களில் அதன் டி.என்.ஏ.வைத் தேடிப் பார்த்துக் கிடைக்காததால் வேறு திசையில் திரும்பினார். மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசே காரணமாக இருக்கலாம் என்ற அவர் கருத்துக்குத் தொடக்கத்தில் வரவேற்பு இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாத வைரஸ் என்பது ஒரு தடை. அது ஒன்றல்ல, பல வகை என்பது இன்னொரு தடை. பிறப்புறுப்பு மருவிலிருந்து அவர் குழு முதலில் பிரித்தெடுத்த வகைகள் புற்றில் அவ்வளவாகத் தென்படவில்லை. அவற்றோடு உறவுடைய, பெயரிடப்படாத வேறு ஏதோ ஒன்று இருப்பதற்கான மங்கலான தடயங்கள் மட்டும் கிடைத்தன. அந்தத் தடயங்களைப் பின்தொடர்ந்து 1983இல் எச்பிவி 16ஐயும், மறு ஆண்டு எச்பிவி 18ஐயும் அவர் குழு பிரித்தெடுத்தது. தான் பிரித்த டி.என்.ஏ.வை அந்தக் குழு மற்ற ஆய்வகங்களுக்கும் தாராளமாக வழங்கியது. பல நாடுகளிலிருந்து திரட்டிய திசுக்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் 99.7 விழுக்காட்டில் எச்பிவி இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு புற்றுநோய்க்கும் அதன் காரணிக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உறவு வேறெங்கும் காண்பது கடினம். ட்சூர் ஹவுசனுக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.

உடலுறவால் பரவும் தொற்று என்றதும் நம் வீடுகளில் பேச்சு தணிந்துவிடுகிறது. நோய்க்கு ஆளானவரின் நடத்தை பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. வெரோனாவின் கணக்கே அதற்கு மறுமொழி சொல்லும். அங்கே இறந்தவர்கள் ஊராரால் ஒதுக்கப்பட்ட பெண்கள் அல்லர்; குடும்பப் பெண்கள். உடலுறவு கொள்ளும் ஆண் பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் எச்பிவி தொற்றியிருக்கும். கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் இது வரும். ஆணுறை தொற்றின் வாய்ப்பைக் குறைக்கும். தோலோடு தோல் படுவதால் முற்றிலும் தடுக்காது.

ஆக்லாந்தில் நடந்தது

மூன்றாம் படியில் இருக்கும் பெண்ணை அப்படியே விட்டுவிட்டால் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும்? இந்தக் கேள்வியை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பது அறமாகாது. ஆனால் ஓரிடத்தில் அது நடந்துவிட்டது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு மருத்துவப் பேராசிரியர், மூன்றாம் படி மாற்றங்கள் புற்றுநோயாக முற்றுவதில்லை என்று நம்பினார். தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றும் பழக்கத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தன் நம்பிக்கையை நிறுவுவதற்காக, பல பெண்களுக்கு மாற்றமடைந்த பகுதியை முழுமையாக அகற்றாமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்க அவர் முன்வைத்த திட்டத்துக்கு 1966இல் மருத்துவமனை ஒப்புதல் அளித்தது. தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அதே மருத்துவமனையில் பணியாற்றிய சிலர் எச்சரித்தும் பயனில்லை. 1984இல் அவர்கள் தங்கள் கணக்கை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் இருவரும் 1987இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. 1988இல் அறிக்கை வந்தது. நோயாளியின் உரிமைகள் பற்றிய நியூசிலாந்தின் சட்டங்கள் அதன் விளைவாகப் பிறந்தவை.

அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகள் பின்னர் முழுமையாக ஆராயப்பட்டு, முடிவுகள் 2008இல் வெளிவந்தன. போதிய சிகிச்சை பெறாதவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களிடம் அது 0.7 விழுக்காடு. மாறுபட்ட தோலை அகற்றுவது சில நிமிடச் சிகிச்சை. அதைச் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. இன்று மருத்துவர்கள் பொதுவாக மூன்றாம் படியைக் கண்டால் காத்திருக்கச் சொல்வதில்லை என்றால், அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் கேட்கப்படாமலே சேர்க்கப்பட்ட அந்தப் பெண்கள்.

திண்டுக்கல்லில் ஒரு நிமிடம்

அவகாசத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பணக்கார நாடுகள் இதற்கு ஜார்ஜ் பாபனிகொலாவ் வகுத்த பாப் பரிசோதனையை நம்பின. கர்ப்பப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது அது. முறையாகச் செய்த நாடுகளில் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், முடிவைக் கேட்கப் பெண் திரும்பி வர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒருமுறை வந்த பெண்ணை மறுமுறையும் வரவழைப்பது கிராமத்தில் எளிதல்ல.

இதற்கு மாற்றாக ஒரு முறை திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை இணைந்து, 2000ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் நடத்திய ஆய்வு அது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். அசிட்டிக் அமிலம் என்பது வினிகரில் இருக்கும் அதே பொருள். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கொளியில் பார்ப்பார். மாற்றமடைந்த செல்களில் உட்கரு பெரிதாகவும் செல்கள் நெருக்கமாகவும் இருப்பதால் புரதம் மிகுதி; அமிலம் பட்டதும் அது திரிந்து அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெளுத்தால், தகுதியானவர்களுக்கு உறைகுளிர் வாயுவால் அந்தத் திசுவை அங்கேயே உறையவைத்து அழித்துவிடலாம். ஏழு ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 2007இல் வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் ஏற்படும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மின்சாரம், ஆய்வகம் ஆகியவற்றைப் பெரிதாக நம்பாத ஒரு முறைக்கு இது மிகப் பெரிய பலன்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த இன்னோர் ஆய்வு அடுத்த படிக்குச் சென்றது. வைரசின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்ததிலேயே, எட்டு ஆண்டுகளில் இந்தப் புற்றுநோயால் இறப்போர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. செல்லின் மாற்றத்தைத் தேடும் முறைகள் இன்றைய நிலையைச் சொல்கின்றன. வைரசைத் தேடும் முறை வரப்போகும் பத்தாண்டுகளைப் பற்றிச் சொல்கிறது: வைரஸ் இல்லையென்றால் பாதை தொடங்கவே இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இப்போது எச்பிவி பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் முன் படுக்கத் தயங்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி.

வெற்று உறையின் வேலை

எச்பிவி தடுப்பூசியில் வைரஸ் இல்லை. உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. வைரசின் மேலுறை எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 பிரதிகளால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் தனியே உற்பத்தி செய்தால் அது தானாகவே கூடி வைரசின் வடிவில் வெற்றுக் கோளமாகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும் 1991இல் இதற்கு வழி காட்டினார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் ஆகியோரின் பணியும் இதில் முக்கியமானது. தோலின் ஓரத்திலேயே ஒளிந்து வாழும் உண்மையான வைரஸ், உடலின் எதிர்ப்பாற்றலைச் சரியாக எழுப்புவதே இல்லை. தசைக்குள் ஊசி வழியாகச் செல்லும் வெற்று உறையோ நிணநீர்க் கணுக்களை நேரே அடைந்து, இயற்கைத் தொற்றைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை கர்ப்பப்பை வாயின் பரப்புக்கும் கசிந்து வந்து, வைரஸ் அடித்தட்டுச் செல்லில் நுழையும் முன்பே மடக்கிவிடுகின்றன.

முதல் தடுப்பூசி 2006இல் அனுமதி பெற்றது. ஏற்கனவே செல்லுக்குள் குடியேறிவிட்ட வைரசை இதனால் வெளியேற்ற முடியாது. 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வது அதனால்தான். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்தத் தடுப்பூசிக்குத் தகுதி பெற்ற தலைமுறையிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருப்பதாக 2021இல் வெளியான ஆய்வு கூறியது. ஸ்காட்லாந்தில் அந்த வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடையே ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என 2024இல் அறிவிக்கப்பட்டது.

எத்தனை தவணை வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்தியாவிலிருந்து கிடைத்தது, அதுவும் தற்செயலாக. இரண்டு தவணை, மூன்று தவணை இரண்டில் எது மேல் என்று அறிய 2009இல் இங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் தனியாக நடந்துகொண்டிருந்த வேறொரு தடுப்பூசித் திட்டம் சர்ச்சைக்குள்ளானதால், 2010இல் எச்பிவி தடுப்பூசி ஆய்வுகள் அனைத்தையும் அரசு நிறுத்திவைத்தது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணையின் பலன் 95 விழுக்காடு. இரண்டு, மூன்று தவணைகளுக்கு ஏறத்தாழ இணை. இதையும் இதுபோன்ற பிற சான்றுகளையும் கொண்டு, ஒரு தவணையே போதுமானதாக இருக்கலாம் என 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு ஊசி போதும் என்றால் செலவு குறையும். பள்ளிக்கு ஒருமுறை போனால் போதும். அதே ஆண்டு புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவேக் தடுப்பூசிக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இலங்கை 2017 முதலே பள்ளிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் அளித்துவருகிறது. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதை வழங்க நிதி ஒதுக்கியது.

அவகாசம் யாருக்கு?

லட்சம் பெண்களுக்கு ஆண்டில் நான்கு பேருக்கும் குறைவாக இந்நோய் வந்தால், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடும். இந்தியாவில் அந்த எண் இப்போது சுமார் 18. அதைக் குறைக்க 2030க்குள் எட்ட வேண்டியவை என மூன்று இலக்குகளை அந்த நிறுவனம் வைத்திருக்கிறது: 15 வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் 70 விழுக்காடு பெண்களுக்குத் தரமான பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை.

இங்கே தடுப்பூசி போடும் தலைமுறை நோய் வரும் வயதை அடைய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இன்று முப்பதிலும் நாற்பதிலும் இருப்பவர்களை அந்த ஊசி காப்பாற்றப் போவதில்லை. அவர்களில் சிலரிடம் அந்த இருபது ஆண்டுக் கணக்கு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, நாற்றத்தோடு கூடிய வெள்ளைப்படுதல் போன்ற அறிகுறிகள் தோன்றும்போது அவகாசம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஒரு தொல்லையும் இல்லாத நாளில் செய்துகொள்வதற்குத்தான் இந்தப் பரிசோதனை. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அதைத் தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். மகளுக்கு ஊசி போட அழைத்துப்போகும் தாய், தனக்கும் அன்றைக்கே அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.